கடனில் ஏறிய சந்தையும் கடிவாளத்தை எதிர்த்தவர்களும்

அமெரிக்காவின் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு 2019 நவம்பரில் ஒரு விதிமுறை வரைவை வெளியிட்டது. சுட்டெண்ணின் நாளாந்த அசைவை இரண்டு மடங்காகவும் மூன்று மடங்காகவும் பெருக்கித் தருகின்ற நிதிகள் அங்கே விற்பனையாகின்றன. சந்தை இறங்கினால் தாம் ஏறுகின்ற எதிர்த்திசை நிதிகளும் இருக்கின்றன. இவற்றை ஒரு சாதாரண மனிதர் வாங்க முன்வந்தால், அவற்றின் தன்மை அவருக்கு விளங்குகிறதா என்று தரகர் விசாரித்து, அதன் பின்னரே கணக்கைத் திறக்க வேண்டும் என்பது அந்த வரைவில் இருந்த ஓர் அம்சம். ஆணைக்குழு எதிர்பாராத ஒன்று நடந்தது. யாரைக் காப்பாற்றுவதற்காக விதி எழுதப்பட்டதோ அந்தச் சிறு முதலீட்டாளர்களே ஆயிரக்கணக்கில் ஆட்சேபக் கடிதங்களை அனுப்பினர். எங்கள் பணம், எங்கள் விருப்பம், எங்கள் இழப்பு. இடையில் நீங்கள் யார் என்பதே அக்கடிதங்களின் சாரம். 2020 ஒக்டோபரில் இறுதி விதி வெளிவந்தபோது நிதிகளின் கடன்சுமைக்கு ஒரு வரம்பு இருந்தது. வாங்குபவரை விசாரிக்கும் நிபந்தனை இருக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. 2010 முதல் 2012 வரை கொழும்பிலே நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. அந்த மூன்று வருடங்களில் நடந்தவற்றைத் திருகோணமலையில் இருந்தவாறே பார்த்தவன் என்ற வகையில், அந்தக் கதையைத் தமிழில் ஒருமுறை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எங்கள் நாட்டில் அப்போது இரட்டிப்பு நிதி கிடையாது. குறுவிற்பனைக்கும் வழியில்லை. ஆனால் அதே வேலையைச் செய்கின்ற பழைய கருவி ஒன்று இருந்தது. அதன் பெயர் கடன்.

துறைமுகமும் பங்குகளும்

திருகோணமலைக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட பின்னர், இந்த நகரம் தன் பெரிய தொழில்வாய்ப்பை இழந்து நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகுதான் துறைமுகக் கரையில் பிறீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. டோக்கியோ சீமெந்துக் கம்பனி 1982இல் ஏ. வை. எஸ். ஞானம் அவர்களின் முயற்சியில், ஜப்பானியப் பங்காளியுடன் சேர்ந்து தொடங்கப்பட்டது. அதன் பங்குகள் கொழும்புச் சந்தையில் விற்பனையாகின்றன.

மற்றொன்று லங்கா ஐஓசி. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் அமைத்தவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதைக் கண்ட முதியவர்கள் என் இளமைக் காலத்தில் இங்கே பலர் இருந்தனர். எஞ்சியிருந்த 99 குதங்களின் பொறுப்பு 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குச் சென்றது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் லங்கா ஐஓசி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு 27 ரூபா வீதம் விற்றது. அதே டிசம்பரில்தான் ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது.

ஆகவே எங்கள் ஊர்க்காரர் பங்கு என்று பேசும்போது அது கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றல்ல. மூதூருக்குப் படகில் போகின்றவர் திரும்பிப் பார்த்தால் தெரிகின்ற புகைபோக்கியும், சீனக்குடாவில் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்ற இரும்புத் தாங்கிகளும்தான். அந்தப் பழக்கமே ஒரு நம்பிக்கையைத் தந்தது. நம்பிக்கை வந்த இடத்தில் கணக்குப் பார்ப்பது குறைந்துவிடும் என்பது வியாபாரம் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

சந்தையின் பழைய வரலாறு

இலங்கையில் பங்கு வியாபாரம் முறையாகத் தொடங்கியது 1896இல், கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் அமைந்தபோது. தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் திரட்டுவதே அதன் நோக்கம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர், 1884இல், கோப்பிப் பயிரை நோய் அழித்ததைத் தொடர்ந்து ஓரியண்டல் வங்கி சரிந்து விழுந்திருந்தது. பயிரை அடமானம் வைத்து, வரப்போகும் விளைச்சலை நம்பிக் கடன் வாங்கி, அக்கடனில் மேலும் நிலம் வாங்கிய தோட்டக்காரர்களோடு வங்கியும் மூழ்கியது. வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்த பிறகே பீதி அடங்கியது. பின்னர் 1910இல் இறப்பர்ப் பங்குகளுக்கு இலண்டனிலும் கொழும்பிலும் ஒரு பித்தம் பிடித்தது. அதுவும் அடங்கியது.

இவற்றிலெல்லாம் ஒரே ஒழுங்கு தெரியும். முதலில் உண்மையான ஒரு நல்ல செய்தி. அடுத்து விலையேற்றம். மூன்றாவதாகக் கடன். நான்காவதாக, கடனுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர் பொதுப்பகைவர் ஆவது. கடைசியில் சரிவு.

இப்போதைய வடிவிலான கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை 1985இல் அமைந்தது. 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தால் பிணையங்கள் சபை தோன்றி, 1991இல் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு என்ற பெயரைப் பெற்றது. பாராளுமன்றம் கொடுத்த அதிகாரம் அதற்கு உண்டு. அந்த அதிகாரம் யாருடைய தொலைபேசி அழைப்பு வரும்வரை நிலைக்கும் என்பது 2011இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

போர் முடிந்த பின்னர்

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அந்த முடிவின் பெறுமதி வன்னியில் ஒன்றாகவும் கொழும்பில் வேறொன்றாகவும் இருந்தது. சந்தையைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. 2008 முடிவில் ஏறத்தாழ 1,500 புள்ளிகளில் இருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2009 முடிவில் 3,400ஐ நெருங்கியது. 2010 முடிவில் 6,600ஐத் தாண்டியது. உலகிலேயே மிக வேகமாக வளர்கின்ற சந்தைகளில் ஒன்று என்று அரசாங்கம் பெருமைப்பட்டது. திறைசேரி உண்டியல்களின் வட்டி 2008இல் இருந்த உயரத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வங்கியில் பணம் போட்டிருந்த ஓய்வூதியக்காரர்களுக்கு வருமானம் குறைந்தது. எங்கேயாவது பணத்தைப் போட்டாக வேண்டும் என்ற தவிப்பு எழுந்தது.

கிழக்கிலும் வடக்கிலும் அந்தத் தவிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. முப்பது வருடங்களாக முதலீடு என்ற சொல்லுக்கு இங்கே பொருளே இருக்கவில்லை. நகை இருந்தது, காணி இருந்தது, வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தது. இவற்றைத் தவிர வேறு சேமிப்பு முறையை எங்கள் தலைமுறை அறியாது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் காணி விலை ஏறியது. யாழ்ப்பாணத்தில் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை ஒரு கிளையைத் திறந்தது. நாங்களும் நாட்டின் ஏனையோரைப் போல் உழைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். நியாயமான எண்ணந்தான்.

திருகோணமலைப் பேருந்து நிலையத்தை அண்டிய தேநீர்க் கடைகளில் 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சுட்டெண்ணைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு பாடசாலை ஆசிரியை, கடற்றொழிலுக்கு வலை விற்கும் வியாபாரி ஒருவர் என்று எனக்குத் தெரிந்தவர்களே பங்கு வாங்கியிருந்தனர். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அவர்கள் நம்பியது கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசிய தரகர் நிறுவன ஆலோசகரைத்தான். அந்த ஆலோசகரின் வருமானம் வாடிக்கையாளரின் இலாபத்தில் தங்கியிருக்கவில்லை. எத்தனை தடவை வாங்கினார், எத்தனை தடவை விற்றார் என்பதில் தங்கியிருந்தது. வாங்கும்போதும் விற்கும்போதும் நூற்றுக்கு ஒரு ரூபாவுக்குச் சற்று மேல் கட்டணமாகக் கழிந்தது.

கடன் எவ்வாறு வந்தது

அக்காலத்து ஒழுங்கின்படி பங்கு வாங்கியவர் மூன்றாவது வேலை நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தரகர் அப்பங்கை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் தரகர்கள் விற்கவில்லை. பொறுத்திருந்தனர். பொறுத்திருந்த நாட்களுக்கு வட்டி போட்டனர். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியுடன் கட்டினார். ஏனெனில் பங்கு ஒரு வாரத்தில் ஏறியது வட்டியைவிட அதிகம். இவ்வாறு மூன்று நாள் தவணை மூன்று வாரமாகி, மூன்று மாதமாகியது. பணமில்லாமல் பங்கு வாங்கலாம் என்ற நிலை உருவாகியது.

இதன் கணக்கைச் சற்று விளக்கியாக வேண்டும். உங்களிடம் ஓர் இலட்சம் ரூபா இருக்கிறது. தரகர் மேலும் ஓர் இலட்சம் தருகிறார். இரண்டு இலட்சத்துக்குப் பங்கு வாங்குகிறீர்கள். விலை 25 சதவீதம் ஏறினால் உங்கள் இலாபம் 50,000 ரூபா. அதாவது போட்ட பணத்துக்கு 50 சதவீதம். அதே 25 சதவீதம் இறங்கினால், உங்கள் ஓர் இலட்சத்தில் பாதி போய்விடும். 50 சதவீதம் இறங்கினால் உங்கள் பணம் முழுவதும் போய், தரகரின் கடனும் வட்டியும் மட்டும் மிஞ்சும். சொந்தப் பணத்தில் வாங்கியவர் விலை திரும்ப ஏறும்வரை காத்திருக்கலாம். கடனில் வாங்கியவருக்குக் காத்திருக்கும் உரிமை இல்லை. அவருடைய பங்கை எப்போது விற்பது என்பதை வேறொருவர் தீர்மானிப்பார்.

அமெரிக்காவின் இரட்டிப்பு நிதிகளிலும் இதே பொறிதான், ஆனால் ஒரு கூடுதல் சுழற்சியோடு. சுட்டெண் 100இலிருந்து ஒரு நாளில் 10 சதவீதம் இறங்கி 90 ஆகிறது. மறுநாள் மீண்டும் 100க்கு ஏறுகிறது. சாதாரண நிதியில் நட்டமில்லை. இரட்டிப்பு நிதி முதல்நாள் 80 ஆகி, மறுநாள் 97.78இல் நிற்கும். மும்மடங்கு நிதி 93.33இல் நிற்கும். இரட்டிப்பு எதிர்த்திசை நிதி 120க்கு ஏறி, அதுவும் 93.33க்கு இறங்கும். சந்தை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. ஏறும் என்றவரும் இறங்கும் என்றவரும் பணத்தை இழந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு விளங்காமல் அவற்றை மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் பலர். 2018 பெப்ரவரி 5ஆம் திகதி, சந்தையின் பதற்றச் சுட்டெண்ணுக்கு எதிர்த்திசையில் அமைந்த ஒரு பத்திரம் ஒரே இரவில் தன் பெறுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தது. ஆணைக்குழுவின் வரைவு வெறும் அச்சத்தில் எழுதப்பட்டதல்ல.

கடிவாளம்

கொழும்பில் ஆணைக்குழு 2010ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் விழித்துக்கொண்டது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் இந்திராணி சுகததாச. இலாபமே காட்டாத சில சிறிய நிறுவனங்களின் பங்குகள் பல மடங்காக ஏறிக்கொண்டிருந்தன. அவ்வாறு வேகமாக ஏறுகின்ற பங்குகளுக்கு ஒரு நாளில் 10 சதவீதம் என்ற எல்லை விதிக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, தரகர்கள் கொடுத்த கடனை மட்டுப்படுத்தும் உத்தரவு. புதிய கடன் கொடுக்கக் கூடாது. பழைய கடனைக் குறித்த தவணைக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதே அதன் கருத்து.

எதிர்ப்பு உடனே எழுந்தது. பெரும் முதலீட்டாளர்களும் தரகர்களும் முன்னே நின்றனர். ஆனால் அவர்களுடைய வாதம் எப்போதும் சிறு முதலீட்டாளரின் பெயராலேயே வைக்கப்பட்டது. அந்த வாதங்களை நேர்மையாக எடுத்துச் சொல்வது அவசியம். ஏனெனில் அவற்றில் சில உண்மையானவை.

முதலாவது, கடன் என்பது தரகருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தனிப்பட்ட உடன்பாடு. அரசுக்கு அதில் வேலையில்லை என்பது. இது நிற்காத வாதம். ஒருவர் கட்டாவிட்டால் தரகர் விற்பார். தரகர் விற்றால் விலை இறங்கும். விலை இறங்கினால் அடுத்தவரின் பிணையின் பெறுமதியும் இறங்கும். அவருடைய பங்கும் விற்கப்படும். பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தீ பரவும் என்றால், என் வீட்டுத் தீ என் சொந்த விடயம் என்று நான் சொல்ல முடியாது.

இரண்டாவது, முதிர்ந்த மனிதருக்குத் தன் பணத்தைக் கையாளத் தெரியும் என்பது. இதில் மரியாதைக்குரிய ஒரு கருத்து இருக்கிறது. நீண்ட காலம் அனுமதிச்சீட்டுடன் வாழ்ந்த எங்கள் மக்களுக்கு, இன்னுமோர் அதிகாரி வந்து இதை வாங்காதே என்று சொல்வது உவப்பாக இராது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அந்த நண்பர் என்னிடம் கேட்டார்: கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும் என்றார்கள், கொழும்புக்குப் போகப் பதிவு வேண்டும் என்றார்கள், இப்போது பங்கு வாங்கவும் பாஸா? அந்தக் கேள்வியின் வலி எனக்கு விளங்கியது. ஆனால் விளக்கம் ஏதும் இல்லாமல் ஆங்கிலத்தில் அனுப்பப்படும் கணக்குக் கூற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது தன் சுதந்திரம் என்று ஒருவர் நினைப்பதும் முழுச் சுதந்திரம் அல்ல.

மூன்றாவது, தவணை வைத்துக் கடனைத் தீர்க்கச் சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், கடன் வாங்காதவரும் நட்டப்படுவார் என்பது. இது முற்றிலும் உண்மை. கடனை வளரவிட்ட காலத்தில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது மலையான பின்னர் அதை அகற்றச் சொன்னால், அந்த மலை யார் மேலோ சரியத்தான் செய்யும்.

நான்காவது, தரகர் கடனை நிறுத்தினால் பாதிக்கப்படுவது சிறியவர்தான். பெரியவருக்கு வங்கியில் கடன் கிடைக்கும் என்பது. இதுவும் உண்மை. ஆனால் இதை எடுத்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்த வங்கிக் கடன் கிடைக்கின்றவர்களே என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்று தலைவர்கள்

சுட்டெண் 2011 பெப்ரவரி நடுப்பகுதியில் 7,800ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. பின்னர் இறங்கத் தொடங்கியது. இறங்கியதற்கு ஆணைக்குழுவின் விதியே காரணம் என்று சொல்லப்பட்டது. கடன் தீர்க்கும் தவணைகள் நீடிக்கப்பட்டன, நிபந்தனைகள் தளர்ந்தன. முதலீட்டாளர்கள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவையே சந்தித்து முறையிட்டனர். ஒழுங்குமுறை அமைப்பொன்றின் தீர்மானத்துக்கு எதிரான முறையீடு நீதிமன்றத்துக்குப் போகாமல் அலரி மாளிகைக்குப் போனது என்பதே அந்தக் காலத்தின் அரசியலைச் சொல்லப் போதுமானது. 2011 டிசம்பரில் இந்திராணி சுகததாச பதவி விலகினார். அவர் ஜனாதிபதியின் செயலாளராக இருந்த லலித் வீரதுங்கவின் மனைவி. அவ்வளவு அருகில் இருந்தவராலேயே அந்தப் பதவியில் நிலைக்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் திலக் கருணாரத்ன. சந்தைக்கு இணக்கமானவர் என்று கருதி அவரை வரவேற்றவர்கள் பலர். ஆனால் விலைகளைச் செயற்கையாக ஏற்றியதாக எழுந்த முறைப்பாடுகளின் விசாரணைகளை அவர் கைவிடவில்லை. எதிர்ப்பு அவர்மீதும் திரும்பியது. 2012 ஓகஸ்டில் அவரும் விலகினார். பங்குச்சந்தை மாஃபியா என்ற சொல் அப்போதுதான் எங்கள் பத்திரிகைகளின் தலைப்புகளுக்கு வந்தது. மூன்றாவதாக நாலக கொடஹேவ நியமிக்கப்பட்டார். ஒன்பது மாதங்களுக்குள் ஒரே ஆசனத்தில் மூன்று பேர்.

இதற்கிடையில் சந்தை என்ன செய்தது? விதி தளர்ந்தால் விலை ஏறும் என்றவர்களின் வாதத்துக்கு 2012ஆம் ஆண்டே விடை சொன்னது. கடன் நிபந்தனைகள் தளர்ந்த பின்னரும் சுட்டெண் இறங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் 5,000க்கும் கீழே போனது. பெப்ரவரியில் ரூபாவின் பெறுமதி தளர்த்தப்பட்டிருந்தது, வட்டி ஏறியது, வங்கிகளின் கடன் வளர்ச்சிக்கு மத்திய வங்கி 18 சதவீத உச்சவரம்பு வைத்தது. சுட்டெண்ணை ஏற்றியது மலிவான பணம். பணம் விலையேறியதும் அது இறங்கியது. ஆணைக்குழுவின் விதி அந்த ஓட்டத்தில் ஒரு சிறு கல். அந்தக் கல்லை அகற்றப் பட்ட பாட்டில், நீர் வற்றிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

உச்சத்திலிருந்து சரிவு 36 சதவீதத்துக்கு மேல். பாதிப் பணத்தைக் கடனாக வாங்கியிருந்தவருக்கு அது 72 சதவீதத்துக்கு மேற்பட்ட இழப்பு. வட்டி வேறு. அதுவும் சுட்டெண்ணைப் போலவே அசைந்த பங்குகளை வைத்திருந்தவருக்கு. வதந்தியில் ஏறிய சிறு பங்குகளை வைத்திருந்தவர்களின் நிலை இதைவிட மோசம். எனக்குத் தெரிந்த அந்த ஆசிரியை தன் மகளுக்கென வைத்திருந்த நகைகளை அடைவு வைத்துத் தரகரின் கணக்கைத் தீர்த்தார். அவரிடம் இருந்த பங்குகள் அவரைக் கேட்காமலே விற்கப்பட்டிருந்தன. எழுத்தில் அவர் அதற்கு முன்னரே சம்மதம் கொடுத்திருந்தார். அந்தப் படிவத்தை அவர் வாசித்ததில்லை.

வாங்காதவர்களின் இழப்பு

இந்தக் கதையில் இன்னொரு தரப்பு உண்டு. அவர்கள் பங்கே வாங்காதவர்கள். ஊழியர் சேமலாப நிதியம் அந்த ஆண்டுகளில் பங்குச் சந்தையில் பெருமளவில் இறங்கியது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், எங்கள் ஊர்ச் சீமெந்து ஆலைத் தொழிலாளர்கள் என்று நாட்டின் உழைப்பாளர் பலருடைய முதுமைக்கான பணமும் அந்த நிதியத்தில் இருக்கிறது. அது மிகையான விலைக்குப் பங்குகளை வாங்குகிறது என்ற குற்றச்சாட்டு பாராளுமன்றத்திலேயே எழுந்தது. 2012இல் தேசிய சேமிப்பு வங்கி ஒரு நிதி நிறுவனத்தின் பங்குகளைச் சந்தை விலையைவிட மிக உயர்ந்த விலைக்கு வாங்கியபோது கூச்சல் எழுந்து, அந்தக் கொள்வனவு கைவிடப்பட்டது. வங்கியின் தலைவர் பதவி விலகினார்.

கடனில் ஏற்றிய விலைக்கு இறுதியில் யாரோ ஒருவர் வாங்குபவராக வர வேண்டும். தனியார் யாரும் வராதபோது பொதுப்பணம் வரும். ஆகவேதான், என் பணம் என் விருப்பம் என்ற வாதம் முழுமையாகாது என்று நான் கருதுகிறேன். அந்த விருப்பத்தின் விலையை, பங்குச் சந்தை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணும் கட்டவேண்டி வரலாம்.

மற்ற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1929இல் பத்து ரூபாப் பங்கை ஒரு ரூபா கொடுத்து வாங்கலாம் என்ற நிலை இருந்தது. சரிவுக்குப் பின்னர் வந்த 1934ஆம் ஆண்டுச் சட்டம் பங்குக் கடனின் அளவை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய வங்கிக்குக் கொடுத்தது. 1974 முதல் அந்த வரம்பு 50 சதவீதம். இந்தியாவில் பத்லா என்ற பெயரில் தவணையைத் தள்ளிப்போடும் முறை ஒன்று இருந்தது. அதை செபி 1990களில் ஒருமுறை நிறுத்தி, தரகர்களின் நெருக்குதலுக்குப் பின் திருத்தங்களோடு மீண்டும் அனுமதித்து, கேதன் பாரேக் ஊழலுக்குப் பின்னர் 2001 ஜூலையில் முற்றாக நிறுத்தியது. நிறுத்திய இடத்தில் வேறொன்று முளைத்தது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தனர் என்றும், அவர்களின் மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேல் என்றும் செபியின் ஆய்வு சொன்னது. 2024 ஒக்டோபரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை உயர்த்தியும் வாராந்த ஒப்பந்தங்களைக் குறைத்தும் செபி விதி செய்தது. எங்களைக் காப்பாற்ற வேண்டாம் என்ற குரல் அங்கேயும் கேட்டது.

தென்கொரியா நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. இரட்டிப்பு நிதிகளை அது தடைசெய்யவில்லை. வாங்க விரும்புகின்றவர் முதலில் ஒரு பயிற்சியைப் பெற வேண்டும். கணக்கில் குறித்த அளவு வைப்புப் பணம் இருக்க வேண்டும் என்று 2020இல் விதித்தது. கதவைப் பூட்டவில்லை, வாசலில் ஒரு விளக்கு வைத்தது.

மீண்டும் ஒரு சுற்று

கொழும்புச் சுட்டெண் தனது 2011 பெப்ரவரி உச்சத்தைத் தாண்ட 2021 ஜனவரி வரை, ஏறத்தாழ பத்து வருடங்கள் ஆயின. சொந்தப் பணத்தில் வாங்கிப் பொறுத்திருந்தவருக்கு அந்நாள் வந்தது. கடனில் வாங்கியவருக்கு வரவில்லை. அவருடைய கணக்கு 2012இலேயே மூடப்பட்டுவிட்டது. பின்னர் 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000க்கு மேல் ஏறியது. வட்டி குறைவு, கையில் தொலைபேசிச் செயலி, வீட்டில் முடங்கிய இளைஞர்கள் என்று அந்த ஏற்றத்துக்கும் காரணங்கள் இருந்தன. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தது. மத்திய வங்கி ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மார்ஜின் கடனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு வந்த அடி மீண்டும் அதே அடி. அம்மாதம் சந்தையே ஒரு வாரம் மூடப்பட்டது.

அதே ஆண்டில் லங்கா ஐஓசியின் பங்கு எதிர்த்திசையில் போனது. எண்ணெய்க் குதங்கள் தொடர்பான புதிய உடன்படிக்கை 2022 ஜனவரி 6ஆம் திகதி கைச்சாத்தானது. 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு. எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த ஆண்டில் அப்பங்கு 200 ரூபாவைத் தாண்டியது. 2004இல் 27 ரூபாவுக்கு வாங்கி, ஆழிப்பேரலையையும் போரையும் கடந்து, விற்காமல் வைத்திருந்த சிலர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பங்கு நிபுணர்கள் அல்லர். அவர்களுக்குக் கடன் இருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எழுதுவதன் நோக்கம் பங்குச் சந்தையை வெறுக்கச் சொல்வதல்ல. 2025இல் சுட்டெண் 20,000ஐத் தாண்டிவிட்டது. வடகிழக்கிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் தமிழர் பலர் இதில் இறங்குகின்றனர். இறங்கட்டும். விதிகளை எதிர்க்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அவர்கள் கேட்க வேண்டியவை வேறு என்பது என் கருத்து. கணக்குக் கூற்றும் ஒப்பந்தப் படிவமும் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். கடன் வரம்பை விலை ஏறி முடிந்த பிறகு அல்ல, ஏறத் தொடங்கும்போதே விதியுங்கள் என்று கேளுங்கள். ஆணைக்குழுவின் தலைவரை அலரி மாளிகை மாற்றக் கூடாது என்று கேளுங்கள். உங்கள் பெயரால் முன்வரிசையில் நின்று கூச்சலிடுகின்றவருக்கு, அந்தச் சந்தையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.